திருமணப் படப்பிடிப்பாளரும் கருவித் தெரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கண்டுபிடிப்பாளரின் பெயர்களையும் கண்டுபிடித்த ஆண்டுகளையும் நிரற்படுத்துவதோடு பெரும்பாலும் அமைதி கண்டுவிடுகின்றனர். ஒரு கருவி யாரால், எப்பொழுது ஆக்கப்பட்டது என்ற வினா முக்கியமானதே. ஆயினும் அக்கருவியைத் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கித் தொழில் செய்தவன் எதனைக் கருதி அதனைத் தெரிந்தான், எதனை வேண்டாமென ஒதுக்கினான் என்ற வினா அதனினும் ஆழமானது. கருவிக்கும் சமூகத்திற்குமிடையிலான தொடர்பு அத்தெரிவிலேதான் வெளிப்படையாகத் தெரிகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்குத் திருமணப் படப்பிடிப்பு சிறந்ததொரு களமாகும். இத்தொழிலுக்குள் நுழையும் இளைஞர் முதலிற் கேட்கும் கேள்வி, “எந்தக் கமராவை வாங்கலாம்?” என்பதே. கடைகளிலும் விளம்பரங்களிலும் அதற்குக் கிடைக்கும் விடை புதிய மாதிரிகளின் பெயர்களும் எண்களுமாகவே அமைந்துவிடுகின்றது. ஆனால் இத்தொழிலின் வரலாற்றைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து வேறொரு விடை புலப்படும். நிலக்காட்சியை எடுப்பவர் மறுநாளும் அவ்விடத்துக்குப் போகலாம். உருவப்படம் எடுப்பவர் மீண்டும் ஒருமுறை இருக்கச் சொல்லலாம். திருமணமோ ஒருமுறையே நிகழ்வது. அதன் உச்சக்கட்டம் சில விநாடிகளே நீடிப்பது. எனவே மிக நுட்பமான கருவியன்று, வேண்டிய வேளையிற் கைவிடாத கருவியே இத்தொழிலில் நிலைபெற்று வந்துள்ளது. இதனைச் சில சான்றுகள் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணமக்கள் கமராவைத் தேடிச் சென்ற காலம்

ஒளிப்படக்கலை 1839 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1840 பெப்ரவரி 10 ஆந் திகதி, விக்ரோறியா மகாராணியார் அல்பேட் இளவரசரை மணந்தார். அம்மணவிழாவுக்கு ஒளிப்படம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் முதலாவது உருவப்பட நிலையம் 1841 மார்ச்சிலேதான் லண்டனில் திறக்கப்பட்டது. 1854 இல் றோஜர் பென்ரன் அரச தம்பதியரைப் பிடித்த படங்கள் சிலவற்றைப் பிற்காலத்தவர் பலர் திருமணப் படங்கள் எனத் தவறாக எண்ணினர். அவை திருமணம் நிகழ்ந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், அரசவை உடையிலே எடுக்கப்பட்டவை. உலகப் பேரரசொன்றின் தலைவிக்கும் தமது மணநாளின் படம் கிட்டவில்லை என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

மகாராணியாரின் மூத்த புதல்வியின் திருமணம் 1858 ஜனவரி 25 ஆந் திகதி நடந்தது. விழாவுக்குப் புறப்படுமுன் மணமகளும் பெற்றோரும் கமராவின் முன் நின்றனர். அப்படம் இன்றும் உள்ளது. அதிலே மகாராணியாரின் உருவம் மங்கலாகவே காணப்படுகின்றது. மகளைப் பிரியும் தாயின் நடுக்கத்தால் தாம் அசைந்துவிட்டமையே காரணமென அவரே எழுதிவைத்துள்ளார். அக்காலக் கருவி அசைவின்மையை வேண்டியது. மணநாளின் உணர்ச்சியோ மனிதரை அசையச் செய்வது. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிகளின் கதையே திருமணப் படப்பிடிப்பின் தொழினுட்ப வரலாறு எனக் கூறின் அது மிகையாகாது.

1851 இல் வந்த ஈரத்தகட்டு முறை படத்தின் தெளிவைப் பெருக்கியது. ஆயின் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன்பே படம்பிடித்துக் கழுவிவிடவேண்டும். அதற்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்களே. படப்பிடிப்பாளர் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் உடன் செல்லவேண்டியிருந்தது. ஆதலின் கமரா திருமணத்துக்குச் செல்லவில்லை. திருமணத்தின் முன்னரோ பின்னரோ மணமக்களே நிலையத்துக்குச் சென்றனர். நம் நாட்டிலும், 1890 இல் நிறுவப்பட்ட கொழும்பு பிளாற்றே நிலையம் போன்றவற்றிலே, தீட்டிய திரைச்சீலையின் முன் மணமக்கள் விறைப்பாக நிற்கும் படங்கள் இந்நிலையின் தொடர்ச்சியாகும். அப்படங்களின் விறைப்பை அக்கால மக்களின் மனப்பாங்காக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. அது கருவி விதித்த விறைப்புமாகும்.

இக்காலப் படப்பிடிப்பாளருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. தகடு பழுதானால் இன்னொரு தகட்டை இட்டு மணமக்களை மறுபடியும் நிறுத்தலாம். எனவே கருவி எவ்வளவு பாரமானதாக, எவ்வளவு மெதுவானதாக இருப்பினும் தொழிலுக்கு இடரில்லை. அவ்விடர் அடுத்த கட்டத்திலே தோன்றுகின்றது.

கமரா மணவிழாவைத் தேடிச் சென்ற காலம்

1870 களின் இறுதியில் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தபின் படம்பிடிப்பதையும் கழுவுவதையும் வெவ்வேறு இடங்களிற் செய்ய முடிந்தது. 1887 இல் ஜேர்மனியில் மகனீசியத் தூளைக் கொண்ட ஒளிவீச்சுப் பொடி செய்யப்பட்டது. கமரா இருண்ட மண்டபங்களுக்குள்ளும் நுழைந்தது. ஆயின் அப்பொடி புகையையும் தீப்பற்றும் அபாயத்தையும் உடன்கொண்டு வந்தது. 1929 இல் ஜேர்மனியிலே விற்பனைக்கு வந்த பிளாஷ் குமிழ் இவ்விடரைப் பெருமளவு குறைத்தது. ஒரு படத்துக்கு ஒரு குமிழ் எரிந்துபோகும்; செலவு அதிகம்; எனினும் அது விருந்தினர் முகத்திற் பொறி பறக்கச் செய்யவில்லை.

அமெரிக்காவிலே 1912 முதல் செய்யப்பட்ட ஸ்பீட் கிராபிக் என்னும் கைக்கமரா பத்திரிகையாளரிடமிருந்து திருமணப் படப்பிடிப்பாளரிடமும் வந்து சேர்ந்தது. நான்கு அங்குலமும் ஐந்து அங்குலமுமான தனித்தனிப் படத்தாள்களை அது ஏற்றது. ஒரு பிடிப்பானில் இரண்டு தாள்களே இருக்கும். இரண்டு படம் எடுத்தவுடன் பிடிப்பானை மாற்றவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் குமிழை மாற்றவேண்டும். ஆகவே படப்பிடிப்பாளர் தாம் எடுக்கவேண்டிய கணங்களை முன்கூட்டியே அறிந்திருந்தால் மாத்திரமே பிழைக்கலாம். சடங்கின் ஒழுங்கை அறிதல் கருவியை அறிதலோடு ஒத்த தகைமையாக இக்கட்டத்திலே வளர்ந்தது.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தின் சமூகப் பொருளை நாம் மறத்தலாகாது. நிலையத்திலே தவறின் இழப்பு ஒரு கண்ணாடித் தகடு. மணமண்டபத்திலே தவறின் இழப்பு ஒரு குடும்பத்தின் நினைவு. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். தாலிகட்டைத் திருப்பிக் கொடுத்தல் இயலாது. அன்றுமுதல் திருமணப் படப்பிடிப்பாளரின் கருவித் தெரிவு அழகியற் பிரச்சினை மாத்திரமன்றி, ஒரு பொறுப்புப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

பன்னிரண்டு படங்களின் ஒழுக்கம்

1929 இல் ஜேர்மனியின் பிறவுண்ஷ்வைக் நகரிலிருந்து றொலிபிளெக்ஸ் வெளிவந்தது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வில்லைகளைக் கொண்ட அக்கமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பர். 1930 களில் வந்த அதன் மாதிரிகள் ஒரு சுருளிற் பன்னிரண்டு சதுரப் படங்களைத் தந்தன. பார்க்கும் வில்லையும் பிடிக்கும் வில்லையும் வேறாதலால், படம் பதியும் கணத்திலும் காட்சி கண்ணைவிட்டு மறைவதில்லை. பிளாஷ் எரிந்ததா என்பதை எடுப்பவர் அப்பொழுதே அறிந்துகொள்வார். சிறிய வசதியெனத் தோன்றும் இது, திரும்பி வராத கணத்தைப் பிடிப்பவருக்குப் பெரியதொரு ஆறுதலாகும்.

இக்கட்டுரையின் கருத்துக்கு மிகச் சிறந்த சான்று சுவீடன் நாட்டு ஹசல்பிளாட் கமராவின் கதையாகும். 1948 இல் வந்த அதன் முதன்மாதிரி விநாடியின் 1,600 இல் ஒரு பங்கு வேகத்தைப் பெருமையாகக் கொண்டிருந்தது. மெல்லிய உலோகத்தாலான அதன் சட்டரோ அடிக்கடி பழுதுற்றது. 1957 இல் வந்த 500சீ என்னும் மாதிரியில் சட்டர் வில்லையினுள்ளே வைக்கப்பட்டது. உச்ச வேகம் 500 இல் ஒரு பங்காகக் குறைந்தது. எண்ணை மாத்திரம் நோக்கின் இது பின்னடைவு. ஆயினும் புதிய சட்டர் நம்பிக்கையாக இயங்கியது; எல்லா வேகத்திலும் பிளாஷோடு இணைந்தது. 1959 இல் வந்த நிக்கொன் எவ் என்னும் சிறந்த 35 மி.மீ. கமராவிலே பிளாஷைப் பயன்படுத்தத்தக்க உச்ச வேகம் 60 இல் ஒரு பங்கே. வெயிலிலே பந்தலின் நிழல் விழுந்த முகத்துக்குப் பிளாஷால் ஒளியூட்டவேண்டிய படப்பிடிப்பாளருக்கு இவ்வேறுபாடு சாதாரணமானதன்று. மேலும் ஹசல்பிளாட்டிலே படச்சுருள் தனியே கழற்றத்தக்க பெட்டியில் இருந்தது. பன்னிரண்டாவது படம் முடிந்ததும் சுருள் மாற்றிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. முன்பே நிரப்பிவைத்த வேறொரு பெட்டியை மாட்டினாற் போதும். வேகத்தைக் குறைத்து நம்பிக்கையைக் கூட்டிய அம்மாதிரியே பல நாடுகளில் திருமணப் படப்பிடிப்பாளரின் இலட்சியக் கருவியாயிற்று.

இலட்சியக் கருவி எல்லோர் கைக்கும் எட்டவில்லை. தொழில் தொடங்குவோர் யப்பானிய யஷிக்கா, மாமியா முதலிய இரட்டைவில்லைக் கமராக்களை நாடினர். சதுரப் படத்தின் பரப்பு 35 மி.மீ. படத்தின் பரப்பைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆதலின் விலை குறைந்த இரட்டைவில்லைக் கமராவும் பெரிய அச்சுக்குப் போதிய தெளிவைத் தந்தது. பெயருக்குப் பணம் கொடாது பயனுக்குப் பணம் கொடுத்த அத்தெரிவு அறிவார்ந்த தெரிவே. 1976 இல் வந்த பென்ராக்ஸ் கே1000 பின்னாளில் மாணவரதும் தொடங்குவோரதும் கமராவாகப் புகழ்பெற்றமைக்கும் இதுவே காரணம். அதிலே பற்றறி ஒளிமானிக்கு மாத்திரமே வேண்டப்பட்டது. பற்றறி தீர்ந்தாலும் கமரா இயங்கியது.

நிறமும் நிலைபேறும்

1942 இல் கொடக் நிறுவனம் நிற எதிர்ப்படச் சுருளை வெளியிட்டது. கூறையின் சிவப்பும் மாலையின் மஞ்சளும் அவ்வண்ணமே தோன்றவேண்டுமென மக்கள் விரும்புதல் இயல்பே. நிறப்படம் நாளடைவில் திருமண அல்பத்தை முற்றாகவே கைப்பற்றியது. ஆயின் வெள்ளியாலான கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டிலும் சாயங்களாலான அக்கால நிறப்படம் விரைவில் மங்கியது. பாட்டனாரின் திருமணப் படம் தெளிவாயிருக்க, 1970 களில் நடந்த பேரனின் திருமணப் படம் செம்மஞ்சள் பூத்துப்போயிருக்கும் வீடுகள் பல. கருவியென்பது கமரா மாத்திரமன்று. படம் தங்கியிருக்கும் பொருளும் கருவியின் பகுதியே என்ற உண்மையை இது உணர்த்துகின்றது.

ஈழத்துச் சூழலிலே இவ்வுண்மை கூடுதற் கனம் பெறுகின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த பல இடப்பெயர்வுகளின்போதும், 2004 டிசெம்பரிற் கடல் பொங்கியபோதும், வீட்டோடு அல்பத்தையும் இழந்த குடும்பங்கள் பலவாகும். மறுபுறத்திலே, கடல்கடந்து சென்ற கணவரோ மனைவியோ தம் துணையை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களோடு திருமணப் படங்களும் சான்றாக இணைக்கப்படுவதுண்டு. நம்மவர்க்குத் திருமணப் படம் நினைவுப்பொருள் மாத்திரமன்று, ஆவணமுமாகும். அவ்வாவணத்தின் ஒரே பிரதி ஓர் அல்பத்திலே தங்கியிருந்தமையே இழப்பைப் பெரிதாக்கியது.

எண்ணிமக் கமராவும் பழைய வினாவும்

1999 இல் வந்த நிக்கொன் டீ1 தொழிலாளர் கைக்கு எண்ணிமக் கமராவைக் கொண்டுவந்தது. அதன் விலை பல ஆயிரம் அமெரிக்க டொலர். நான்கே ஆண்டுகளில், 2003 இல், கனன் 300டீ ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் வந்தது. 2005 இல் கனன் 5டீ, 35 மி.மீ. படச்சுருளின் பரப்பை ஒத்த ஒளியுணர் தகட்டை ஒப்பீட்டளவிற் சிறிய உடலிலே தந்து, திருமணப் படப்பிடிப்பாளர் பலரை வென்றது. பன்னிரண்டு படங்களின் ஒழுக்கம் மறைந்தது. ஒரு மணவிழாவில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுப்பது வழக்கமாயிற்று.

இதனால் இடர் நீங்கிற்றா? இல்லை; அது வடிவம் மாறிற்று. முன்னர் ஒரு சுருள் பழுதானால் இழப்பு பன்னிரண்டு படங்கள். இப்பொழுது நகமளவான ஒரு நினைவட்டை பழுதானால் திருமணம் முழுவதுமே இழப்பு. 2018 இல் நிக்கொன் நிறுவனம் இசட்6, இசட்7 என்பனவற்றையும் கனன் நிறுவனம் ஆர் என்பதையும், ஆடியற்ற புதிய கமராக்களாக வெளியிட்டன. ஒளியுணர் தகடும் வில்லையும் பாராட்டப்பட்டன. ஆனால் அவற்றில் நினைவட்டைக்கு ஒரேயோர் இடமே இருந்தமையைத் திருமணப் படப்பிடிப்பாளர் பெரிதுங் கண்டித்தனர். ஒரே படத்தை இரண்டு அட்டைகளில் ஏககாலத்திற் பதிக்கும் வசதியே அவர்கள் வேண்டியது. 2020 இல் நிக்கொன் வெளியிட்ட இரண்டாம் மாதிரிகளிலும் கனனின் ஆர்5, ஆர்6 என்பனவற்றிலும் இரண்டு இடங்கள் இருந்தன. 1957 இல் எழுந்த அதே வினா அறுபது ஆண்டுகளின் பின் அதே விடையைப் பெற்றது.

தொழில் தொடங்குவோர் கொள்ளவேண்டிய முறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து தொழில் தொடங்குவோர்க்குச் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, விலை உயர்ந்த ஒரு கமராவிலும் நடுத்தரமான இரண்டு கமராக்கள் மேலானவை. அவை ஒரே வகை வில்லைகளையும் ஒரே வகைப் பற்றறிகளையும் ஏற்பனவாயின் ஒன்று நின்றுபோனாலும் தொழில் நின்றுபோகாது. முன்பு ஒருவர் பாவித்த கமராவாயினும் நன்கு சோதித்துப் பெற்றால் குறையில்லை. இரண்டு நினைவட்டைக்கு இடமுள்ளதாயின் நன்று.

இரண்டாவது, கமராவின் உடலிலும் பார்க்க ஒளிக்கே முதலிற் பணம் செலவிடல் வேண்டும். கமராவோடு மலிவாகக் கிடைக்கும் பொது வில்லையை அண்மைப்படுத்துமிடத்து அதன் துவார எண் 5.6 ஆகச் சுருங்கிவிடும். துவார எண் 2.8 உடைய வில்லை அதனைப்போல நான்கு மடங்கு ஒளியை ஏற்கும், 1.8 உடையது ஏறத்தாழப் பத்து மடங்கு ஏற்கும். மணவறையைச் சூழ்ந்து உற்றார் நிற்க, ஓமப்புகை மண்ட, கெட்டிமேளம் முழங்க, அறுகரிசி தூவப்படும் வேளையிலே இவ்வேறுபாடே படம் கிடைப்பதற்கும் கிடையாமைக்கும் இடையிலான வேறுபாடாகும். 35 மி.மீ., 85 மி.மீ. குவியத்தூரமுடைய 1.8 வில்லைகள் இரண்டும், கூரையிலோ சுவரிலோ ஒளியைத் தெறிக்கவைக்கத்தக்க பிளாஷ் ஒன்றும் தொடக்கத்துக்குப் பெரும்பாலும் போதும். தொலைவிலிருந்தே எடுக்கவேண்டிய கோவில், தேவாலய மணவிழாக்களுக்கு நீண்ட குவியத்தூர வில்லையை வாடகைக்குப் பெறலாம். எப்போதோ வேண்டப்படும் கருவியை வாங்காது வாடகைக்குப் பெறுதலே முறை.

மூன்றாவது, பற்றறிகள், நினைவட்டைகள், படங்களைச் சேமிக்கும் வன்தட்டுகள் என்பனவற்றைக் கருவிச் செலவின் பகுதியாகவே கணக்கிடல் வேண்டும். விழா முடிந்த இரவே படங்களை இரண்டு இடங்களிற் பிரதி செய்து, அவற்றுள் ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்தபின்னரே அட்டையை அழித்தல் வேண்டும். அல்பங்களோடு வீடுகளை இழந்த சமூகமொன்றுக்கு இதனை விரித்துரைக்கவேண்டிய அவசியமில்லை.

நான்காவது, கடன். பழைய நிலைய முறையிலே கருவி முதலாளியினுடையது. பழகுபவர் பிறர் கருவியிலே கைபழகி, பின்னரே தமக்கென ஒன்றைத் தேடினார். அம்முறையிலே சுரண்டலும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. இன்று கருவி முழுவதும் தொடங்குபவர் தோளிலேயே விழுகின்றது. தவணைக்கடனில் உயர்ந்த கமராவை வாங்கியவர் அக்கடனைத் தீர்க்க, ஆயத்தமில்லாத நிலையிலும் திருமணங்களை ஒப்புக்கொள்ள நேரிடும். கடன் கருவியைத் தருகின்றது; கைப்பழக்கத்துக்கு வேண்டிய காலத்தைப் பறித்துவிடுகின்றது. அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாகச் சில திருமணங்களுக்குச் சென்றுவருதல் எந்தப் புதிய மாதிரியிலும் பெறுமதி வாய்ந்தது. தாலிகட்டும் வேளையில் எங்கே நிற்கவேண்டும் என்பதனை எந்தக் கமராவும் சொல்லித்தராது.

தொகுத்து நோக்குமிடத்து, ஈரத்தகட்டிலிருந்து நினைவட்டைவரை கருவிகள் மாறியுள்ளன. அவற்றைத் தெரிந்தவர்களின் அளவுகோல் மாறவில்லை. விரைவையும் நுட்பத்தையும் உற்பத்தியாளர் விளம்பரப்படுத்தினர். தொழில் செய்தோர் நம்பிக்கையையே விலைகொடுத்து வாங்கினர். பல சந்தர்ப்பங்களில் உற்பத்தியாளரே தம் மாதிரிகளைத் திருத்தவேண்டி நேர்ந்தது. பிறருடைய வாழ்வின் மீளாத நாளொன்று தம் கையில் ஒப்படைக்கப்படுகின்றது என்ற உணர்வோடு கருவியைத் தெரிபவர், குறைந்த பணத்திலும் சரியானவற்றையே தெரிந்துகொள்வர்.